ஆன்சிபிளில் லூப்புக்குள் லூப்: உள் பட்டியல் வெளிப் பட்டியலைப் பொறுத்து மாறினால் எப்படி எழுதுவது?

சர்வர்களைத் தானாக அமைத்துத் தரும் கருவியான ஆன்சிபிளில், ஒரு லூப்புக்குள் (திரும்பத் திரும்ப ஓடும் சுற்று) இன்னொரு லூப் வைக்க வித்_நெஸ்டட் போட்டால் எல்லாமே எல்லாவற்றோடும் ஜோடி சேருது என்கிறீர்கள். அதன் வேலையே அதுதான். இரண்டு பட்டியலையும் முதலிலேயே வாங்கிப் பெருக்கிவிடும். வெளி லூப் இப்போது எதில் நிற்கிறது என்பது உள் பட்டியலுக்குத் தெரியவே தெரியாது.

நான் பாண்டிக்காரன், ஊர்க் கணக்கையே எடுத்துக்கிறேன். நமக்கு நாலு பிராந்தியம்: புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம். கொம்யூன் பஞ்சாயத்து (கிராமப் பகுதிகளுக்கான உள்ளாட்சி அமைப்பு) மொத்தம் 10. பாகூர், வில்லியனூர் மாதிரி 5 புதுச்சேரியில். திருநள்ளாறு, நெடுங்காடு மாதிரி 5 காரைக்காலில். ஒவ்வொரு கொம்யூனுக்கும் அதன் பிராந்திய சர்வர் முகவரியோடு ஒரு கான்பிக் ஃபைல் (அமைப்பு விவரக் கோப்பு) வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெஸ்டட் போட்டால் 40 தடவை ஓடும். எங்கோ காக்கிநாடா பக்கம் இருக்கும் ஏனாம் சர்வரைப் பாகூர் தலையில் கட்டிவிடும். சிலர் ஒரு 'வென்' (நிபந்தனை வரி) வைத்து மீதி 30-ஐக் கழிப்பார்கள். வேலை நடக்கும், ஆனால் திரை முழுக்க 'ஸ்கிப்பிங்' வரிதான். நிஜமான பிழை அதற்குள் தொலைந்துபோகும்.

உங்களுக்கு வேண்டியது சப்எலிமென்ட்ஸ். ஒவ்வொன்றையும் அதன் உள் பட்டியலோடு மட்டும் ஜோடி சேர்க்கும் ஃபில்டர் அது. பிராந்தியங்களை ஒரே பட்டியலாக எழுதி, ஒவ்வொன்றுக்கு உள்ளேயும் 'கொம்யூன்கள்' என்ற கீயில் (தலைப்புப் பெயரில்) அதன் பட்டியலை வையுங்கள். லூப் வரியில் பிராந்தியங்கள், ஒரு பைப் (| குறி), சப்எலிமென்ட்ஸ், அடைப்புக்குறிக்குள் அந்தக் கீயின் பெயர். அவ்வளவுதான். ஐட்டம்.0 பிராந்தியம், ஐட்டம்.1 கொம்யூன். சரியாக 10 ஜோடி.

இதில் மாஹேயும் ஏனாமும் வம்பு பண்ணும். அங்கே நகராட்சி மட்டும்தான், கொம்யூன் பஞ்சாயத்து கிடையாது. கீ இல்லை என்று டாஸ்க் (ஆன்சிபிள் செய்யும் ஒரு வேலை) அப்படியே விழுந்துவிடும். கீ இல்லாததைத் தாண்டிவிடும் ஸ்கிப்_மிஸ்ஸிங்கை ட்ரூ ஆக்கினால் போதும் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்காது. நாளைக்கு யாராவது காரைக்காலில் கீயின் பெயரைத் தப்பாக அடித்தால் அதையும் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். மாஹேக்கும் ஏனாமுக்கும் காலிப் பட்டியலை வெளிப்படையாக எழுதிவிடுங்கள். பிழையும் வராது, ஜோடியும் வராது.

ஒவ்வொரு பிராந்தியத்துக்கும் நாலைந்து டாஸ்க் ஓட வேண்டுமென்றால் சப்எலிமென்ட்ஸ் பத்தாது. பிளாக்குக்கு (டாஸ்க்குகளின் தொகுப்பு) லூப் போடப் பார்க்காதீர்கள், ஆன்சிபிள் ஏற்காது. டாஸ்க்குகளைத் தனி ஃபைலில் வைத்து, அந்த ஃபைலை உள்ளே இழுக்கும் இன்க்ளூட்_டாஸ்க்ஸ் வரிக்கு லூப் போடுங்கள். கூடவே லூப்_கன்ட்ரோலில் (லூப்பின் அமைப்புகள்) லூப்_வார் கொடுத்து வெளி மாறிக்கு 'பிராந்தியம்' என்று பெயர் வைப்பது கட்டாயம். விட்டால் உள்ளேயும் வெளியேயும் மாறியின் பெயர் ஐட்டம்தான். உள்ளே இருப்பது வெளியே உள்ளதை மறைத்துவிடும். ஆன்சிபிள் எச்சரிக்கை காட்டும், யார் படிக்கிறார்கள்? மூணாவது அடுக்குக்கும் இதே வழிதான், கொஞ்சம் மெதுவாக ஓடும்.

லூப்_கன்ட்ரோலிலேயே லேபிளும் (ஒவ்வொரு சுற்றிலும் திரையில் காட்ட வேண்டிய பெயர்) கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு சுற்றிலும் பிராந்தியத்தின் மொத்த விவரத்தையும் திரையில் கொட்டும். அதில் பாஸ்வேர்ட் இருந்தால் லேபிளை மட்டும் நம்பாதீர்கள், வெளியீட்டை மறைக்கும் நோ_லாக் போடுங்கள்.