பெட்டைகளுக்காக வாதாடுங்கள், சேவலை விட்டுக்கொடுங்கள்

கேள்வி: கடலூர் கூத்தப்பாக்கத்தில் எங்களுக்குச் சொந்த வீடு. தோட்டத்தில் ஆறு பெட்டைக்கோழிகளும் ஒரு சேவலும் வளர்க்கிறோம். நான் காலையில் வேலைக்குப் போனால் இரவுதான் வருவேன். எண்பது வயது மாமியாருக்கு அவைதான் துணை. எங்கள் நகர் நலச்சங்கம், ‘நகருக்குள் ஆடு, மாடு, கோழி வளர்க்கக் கூடாது’ என்று தீர்மானம் போட்டது. நாங்கள் சம்மதிக்கவில்லை. இப்போது ஏழு நாளில் கோழிகளை அப்புறப்படுத்தச் சொல்லி மாநகராட்சி நோட்டீஸ் வந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் பார்ப்பவர். ‘விஷம் வைத்துவிடுவேன்’ என்று சத்தம் போடுகிறார். புதுச்சேரியில் இருக்கும் தம்பி, ‘பிரான்சிலேயே சேவல் கேஸ் ஜெயித்தது, நீயும் கோர்ட்டுக்குப் போ’ என்கிறான். போகலாமா? – வாசகி, கடலூர்.

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கோர்ட்டுக்குப் போகும் கட்டம் இன்னும் வரவில்லை. அதற்கு முன்னால் இந்த ஏழு நாளில் நீங்கள் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. அதைச் சரியாகச் செய்தால் பெட்டைக்கோழிகள் ஆறும் உங்கள் வீட்டிலேயே இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. சேவலைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை.

முதலில் சங்கத் தீர்மானத்தையும் மாநகராட்சி நோட்டீஸையும் தனித்தனியாகப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் இரண்டும் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. நலச்சங்கம் என்பது பெரும்பாலும் 1975ஆம் ஆண்டின் சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிவான அமைப்பு. அதன் விதி அதன் உறுப்பினர்களுக்கு. அடுக்குமாடி என்றால் படிக்கட்டு, மொட்டை மாடி எல்லாம் பொது இடம், அங்கே சங்கத்தின் பேச்சுக்கு எடை அதிகம். உங்களுடையது தனி மனை, தனி வீடு, தனிப் பட்டா. உங்கள் மதில் சுவருக்குள் வந்து கோழியைப் பிடித்துப் போகவோ, பணம் கட்டச் சொல்லி மிரட்டவோ சங்கத்துக்கு அதிகாரம் இல்லை. அதற்காகச் சங்கத்தோடு சண்டை வேண்டாம். நாளைக்குத் தண்ணீர் தேங்கினால், தெருவிளக்கு எரியாவிட்டால் அதே சங்கம்தான் உங்களுக்கும் பேச வேண்டும்.

நோட்டீஸ் வேறு விஷயம். அதற்குப் பதில் போட்டே ஆக வேண்டும். பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். அதை எடுத்து, எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். ‘பொதுமக்கள் புகாரின்பேரில்’ என்று மட்டும் இருந்தால் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான். தமிழ்நாட்டில் நகர்ப்புறங்களில் விலங்குகள், பறவைகள் வளர்ப்பதைக் கட்டுப்படுத்தி ஒழுங்குபடுத்த 1997லேயே ஒரு சட்டம் வந்துவிட்டது. உரிமம் வாங்கி வளர்ப்பதுதான் அதன் அடிப்படை. நோட்டீஸில் அந்தச் சட்டத்தைக் குறிப்பிட்டிருந்தால், ‘அப்படியானால் நான் உரிமத்துக்கு விண்ணப்பிக்கிறேன், எந்தப் படிவம், என்ன கட்டணம்?’ என்று எழுத்தில் கேளுங்கள். விண்ணப்பிக்க ஒரு வாய்ப்பே தராமல் நேராக அப்புறப்படுத்து என்பது நியாயமில்லை என்று பிறகு வாதாட அந்தக் கடிதம் உதவும்.

வேறு சில இடங்களில் கோழிப் பண்ணைக்கான மாசுக்கட்டுப்பாட்டு விதிகளைக் காட்டி வீட்டுக் கோழிகளை மிரட்டுவதைப் பார்க்கிறேன். வீடுகளிலிருந்து 500 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த வகை. மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் இசைவாணை, அதாவது பண்ணை நடத்த அனுமதி, வாங்கச் சொல்வது ஒரே இடத்தில் 5,000 கோழிகளுக்கு மேல் வைத்திருக்கும் பண்ணைகளை. ஆறு கோழிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. யாராவது அதைச் சொன்னால் பயப்படாதீர்கள்.

பதில் கடிதம் ஒரு பக்கம் போதும். ஆணையருக்கு எழுதுங்கள். நோட்டீஸ் எண், தேதி, எத்தனை கோழி, கூண்டு மதிலிலிருந்து எவ்வளவு தூரம், விற்பனைக்கு அல்ல வீட்டு உபயோகத்துக்கு, தடுப்பூசி எப்போது போட்டது, எல்லாவற்றையும் எழுதுங்கள். நோட்டீஸின் சட்டப்பிரிவையும் புகாரின் நகலையும் கேளுங்கள். சுகாதார ஆய்வாளர் நேரில் வந்து பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும், அதுவரை நடவடிக்கையை நிறுத்திவையுங்கள் என்று முடியுங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். ஸ்பீடு போஸ்டில் அனுப்பினால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதே நாளில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவும் போடுங்கள். பத்து ரூபாய்தான் கட்டணம். ‘மாநகராட்சி எல்லைக்குள் வீட்டில் கோழி வளர்ப்பது பற்றி மன்றம் நிறைவேற்றிய தீர்மானம் அல்லது துணைவிதியின் நகல் வேண்டும்’ என்று ஒரே கேள்வி போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். அப்படி ஒரு தீர்மானமே இல்லை என்று பதில் வந்தால் அது உங்கள் கையில் இருக்கும் பலமான காகிதம்.

இனி சேவல். இதைச் சொல்ல எனக்குத் தயக்கம்தான். உங்கள் மாமியாருக்கு அதன்மேல் தனிப் பிரியம் இருக்கலாம். ஆனாலும் இந்த வழக்கில் உங்களுக்கு எதிராகப் பேசக்கூடிய ஒரே உயிர் அதுதான். ஒலி மாசு விதிகள் 2000ஆம் ஆண்டு வந்தன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். இரவு என்பது பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை. பக்கத்தில் நின்று கேட்டால் சேவல் கூவுவது 90 டெசிபலைத் தாண்டும். அது நான்கு மணிக்கே ஆரம்பித்துவிடும். கூண்டைச் சாக்குப் போட்டு மூடிப் பார்ப்பீர்கள், பலர் செய்வதுதான். முழுப் பலன் கிடைக்காது. சேவல் வெளிச்சத்தைப் பார்த்து மட்டும் கூவுவதில்லை, அதன் உடம்புக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது என்பதை ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் 2013இல் நிரூபித்தார்கள். இருட்டிலும் அதற்கு விடிவது தெரியும்.

பக்கத்து வீட்டுக்காரரை நினைத்துப் பாருங்கள். ராத்திரி முழுவதும் கம்பெனியில் நின்றுவிட்டு ஏழு மணிக்கு வந்து படுக்கிறார். சேவல் பகலிலும் கூவும். மாதக்கணக்கில் தூக்கம் கெட்ட மனிதர் பேசும் பேச்சு அது. அவர் கோபத்துக்கு நியாயம் உண்டு, விஷம் வைப்பேன் என்பதற்குத்தான் இல்லை. விலங்குகளுக்கு விஷம் வைப்பது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனை கிடைக்கக்கூடிய குற்றம். இன்னொரு முறை சொன்னால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். அதற்கு முன்னால் ஒரு தடவை நீங்களே அவர் வீட்டுக்குப் போய், ‘அண்ணே, சேவலை இந்த வாரமே அனுப்பிடறோம். பெட்டைங்க இருக்கட்டும், நாத்தமோ தொந்தரவோ இருந்தா எங்கிட்டயே சொல்லுங்க’ என்று பேசிப் பாருங்கள். அநேகமாகப் புகார் அங்கேயே பாதி கரைந்துவிடும். அவர் புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தால் அதையும் பதிலோடு இணையுங்கள்.

சேவல் இல்லாவிட்டால் முட்டை நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நிற்காது. பெட்டை முட்டையிடச் சேவல் தேவையில்லை, அந்த முட்டையில் குஞ்சு பொரிக்காது, அவ்வளவுதான். குஞ்சு வேண்டுமென்றால் தெரிந்த வீட்டில் சேவலோடு திரியும் கோழியின் முட்டைகளை வாங்கி உங்கள் அடைக்கோழிக்கு வைக்கலாம். ஆனால் பொரிவதில் ஏறக்குறைய பாதி சேவலாகத்தான் வரும், மறுபடி இதே பிரச்சினை. வளர்ந்த விடைக்கோழிகளாக, அதாவது இளம் பெட்டைகளாக, வாங்குவது நல்லது. இப்போதுள்ள சேவலைக் கிராமத்துச் சொந்தக்காரர் யாருக்காவது கொடுங்கள். காராமணிக்குப்பம் சந்தைக்குக் கொண்டுபோனால் உடனே விலைபோகும், ஆனால் குழம்புக்குத்தான் போகும். அது மாமியாருக்குத் தாங்குமா என்று அவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

தம்பி சொல்லும் வழக்கு உண்மைதான். 2019இல் பிரான்சின் ஓலெரோன் தீவில், விடுமுறைக்கு வந்து தங்கும் அண்டை வீட்டார் மோரிஸ் என்ற சேவலின் மேல் போட்ட வழக்கு தள்ளுபடியானது. பிறகு 2021இல் கிராமத்துச் சத்தங்களையும் வாசனைகளையும் பாதுகாக்க அங்கே சட்டமே கொண்டுவந்தார்கள். ஆனால் அது நாட்டுப்புறத்துக்கான சட்டம். நெருக்கமான மனைகள் இருக்கும் நகரில், நம் நாட்டுச் சட்டத்தின்கீழ், நம் ஆணையரிடம் அது செல்லாது. அதேபோல 2015இல் விலங்கு நல வாரியம் செல்ல நாய்களுக்காகச் சங்கங்களுக்கு விடுத்த வழிகாட்டுதலையும் கோழிக்கு இழுக்காதீர்கள்.

உங்களுக்குப் பயன்படும் உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. மேடிசன் நகரில் தடையை எதிர்த்தவர்கள் 2004இல் விதியையே மாற்ற வைத்தார்கள். நான்கு பெட்டைகள் வரை வளர்க்கலாம், சேவல் கூடாது, வீட்டில் அறுக்கக் கூடாது, பக்கத்து வீட்டிலிருந்து 25 அடி தள்ளிக் கூண்டு. சியாட்டில் 2010இல் எண்ணிக்கையை எட்டாக உயர்த்திவிட்டுச் சேவலைத் தடை செய்தது. இரண்டு ஊரிலும் ஜெயித்தவர்கள் சேவலைக் கைவிட்டுத்தான் ஜெயித்தார்கள். நம் மனைகளில் 25 அடி கிடைக்காது. மதிலிலிருந்து ஆறடி, கோழி தெருவுக்கு வராமல் வலை, எண்ணிக்கைக்கு வரம்பு, ஆண்டுக்கொரு தடுப்பூசிச் சான்று என்று நமக்கேற்ற நிபந்தனைகளோடு ஒரு மனு எழுதுங்கள். கடலூர் மாநகராட்சியில் 45 வார்டுகள் இருக்கின்றன. உங்களைப் போலக் கோழி வைத்திருக்கும் வீடுகள் எந்த வார்டில்தான் இல்லை? பத்துப் பெண்கள் கையெழுத்துப் போட்டு, வார்டு கவுன்சிலரிடமும் பகுதி சபைக் கூட்டத்திலும் கொடுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க் கூட்டத்திலும் ஒரு பிரதி.

இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. தொந்தரவு கொடுப்பதைத் தடுக்கலாம், கோழியையே தடுப்பது தவறு. இதே அரசுதான் கிராமத்து ஏழைப் பெண்களுக்குப் பாதி மானியத்தில் நாட்டுக்கோழிக் குஞ்சு கொடுக்கிறது, புறக்கடைக் கோழி வளருங்கள் என்கிறது. ஊராட்சி எல்லையைத் தாண்டி இந்தப் பக்கம் குடிவந்துவிட்டதாலேயே அது குற்றமாகிவிடாது. மட்கும் குப்பையைப் பிரித்துக் கொடு என்று தினமும் மாநகராட்சி கேட்கிறது. காய்கறித் தோலையும் மீந்த சோற்றையும் உங்கள் வீட்டில் கோழியே தின்றுவிடுகிறது. பேச்சுத்துணைக்கு ஆளில்லாத ஒரு வயதான பெண்மணிக்கு, காலையில் எழுந்து கூண்டைத் திறக்க வேண்டும் என்ற ஒரு வேலை இருப்பதும் சின்ன விஷயமில்லை. இதையெல்லாம் மனுவில் கூச்சப்படாமல் எழுதுங்கள்.

ஆய்வாளர் வருவதற்குள் கூண்டைச் சரிசெய்யுங்கள். நாற்றம் வருவது ஈரத்தால்தான். நான்கு அங்குலத்துக்கு உமியோ தேங்காய்நார்க் கழிவோ பரப்பி, நனைந்ததை உடனே மாற்றினால் நாற்றம் இருக்காது. இரவில் தீனி சிந்தியிருந்தால் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். அதனால் குருணை, கம்பு எல்லாம் மூடியுள்ள டப்பாவில். 2024 டிசம்பரில் பெண்ணையாற்று வெள்ளம் கடலூரை என்ன செய்தது என்று உங்களுக்குத் தெரியும், கூண்டைத் தரையிலிருந்து மூன்றடி உயர்த்திக் கட்டுங்கள். பிப்ரவரியில் கால்நடைத்துறை கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்தும். அது வரை காத்திருக்காமல் கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆணையர் அப்புறப்படுத்தத்தான் வேண்டும் என்றால், காரணத்தோடு எழுத்துப்பூர்வமான உத்தரவு கேளுங்கள். ஆட்கள் வந்தால் தடுத்து மல்லுக்கு நிற்காதீர்கள், உத்தரவைக் காட்டச் சொல்லிப் படமெடுத்துக்கொள்ளுங்கள். உயர் நீதிமன்றத்துக்குப் போவதானால் அந்தக் காகிதம்தான் அடிப்படை. வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. கடலூரில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம், 15100க்குப் போன் செய்தும் கேட்கலாம். நோட்டீஸின் நகல், உங்கள் பதில், முத்திரை வாங்கிய பிரதி, தடுப்பூசிச் சீட்டு ஆகிய நான்கையும் எடுத்துக்கொண்டு போங்கள்.