5 நாளில் 3 ஊர் வேண்டாமே
நான்கு பேர், 5 நாள், 3 ஊர் சுற்றுலா; பாதிப் பணம் தங்கவே போய்விடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பேசாமல் ஒரே ஊரில் தங்கிவிடுங்கள். வாடகை வீடுகளில் துப்புரவுக் கட்டணம் ஓர் இரவுக்கும் நான்கு இரவுக்கும் பெரும்பாலும் ஒன்றுதான். ஊர் மாற மாற அதைத் தண்டம் அழ வேண்டும். ஞாயிறு போய் வியாழன் திரும்பினால் சுற்றுலாத் தலங்களில் வாடகையும் இறங்கும்.

வாடகை வீடு பிடிக்கும்போது அடுப்பு இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள், பாத்திரத்தையும் கேளுங்கள். நாங்கள் போன வீட்டில் அடுப்பு பளபளவென்று இருந்தது, கரண்டிகூடக் கிடையாது. எவர்சில்வர் டம்ளரில் முட்டை அவித்தோம்!

சின்னவனுக்குப் பயணத்தின் நடுவே 2 வயது முடிகிறது என்றீர்களே, விமானம் என்றால் திரும்பும்போது தனி இருக்கை வாங்கச் சொல்வார்கள். முடிந்தால் பிறந்தநாளுக்கு முன்பே போய்வந்துவிடுங்கள்.