வேலியில் நிற்கும் செங்காந்தள்: இலை கொடுக்கலாமா, கிழங்கைத் தோண்டலாமா?

கேள்வி: வேதாரண்யம் அருகே மணல் கொல்லையில் அரை ஏக்கர் கண்வலிக்கிழங்கு (செங்காந்தள்தான்) போட்டிருக்கிறேன். எல்லாம் ஒரே இடத்தில் வாங்கிய கிழங்கு. பூ நிறைய, காய் குறைவு. வேலியில் தானாக முளைத்த கொடிகளிலிருந்து, மரபணு மார்க்கர் உருவாக்க வேண்டும் என்று மாணவர்கள் இலை கேட்கிறார்கள். கொடுத்தால் செடிக்குக் கெடுதலா? அந்தக் கிழங்குகளைத் தோண்டி வயலில் நடலாமா?

பதில்: இலையைத் தாராளமாகக் கொடுங்கள்; கிழங்கில் கை வைக்காதீர்கள்.

கொடிக்கு ஒரு தளிர் இலை போதும். சிலிக்கா மணிகளில் உலர்த்தி எடுத்துப் போவார்கள். புதுச் செருப்புப் பெட்டியில் கிடக்கும் பொட்டலம்தான் அது. மார்க்கர் என்றால் செடிக்குள் எதையோ செலுத்துகிறார்கள் என்று பயப்பட வேண்டாம், உள்ளே இருப்பதைப் படிக்கிறார்கள். டி.என்.ஏ.வில் ஓரிரு எழுத்துகள் அடுத்தடுத்துத் திரும்ப வரும் இடங்கள் உண்டு. ஒரு கொடியில் 12 முறை வந்தால் இன்னொன்றில் 15 முறை வரலாம். கொடிக்குக் கொடி இப்படி மாறும் இடங்களைத் தேடிப் பொறுக்குவதுதான் வேலை. அதனால் ஒரே புதரில் பறிக்க விடாமல், தள்ளித் தள்ளி நிற்கும் கொடிகளைக் காட்டுங்கள்.

கண்வலிக்கிழங்குக்கு இது மிகவும் தேவை. கலப்பை போன்ற அந்தக் கிழங்கு ஆண்டுதோறும் முனைகளில் முளைத்துப் பெருகுகிறது. வேலியில் 40 கொடி நின்றாலும் அவை நாலே கிழங்கின் வாரிசுகளாக இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாது, மார்க்கர் காட்டிவிடும். எந்தப் புதரை முதலில் காப்பாற்றுவது என்பது அப்போதுதான் விளங்கும். ஆனால் விதையில் கால்ச்சிசின் என்ற மருந்துப் பொருள் எவ்வளவு என்பதை அது சொல்லாது. அதற்கு வேதிப் பரிசோதனைதான்.

இனி உங்கள் காய். பூவை உற்றுப் பாருங்கள்: சூல்தண்டு செங்கோணமாக மடிந்து, மகரந்தப் பைகளை விட்டு விலகி நிற்கும். பூச்சி வராவிட்டால் நம் கைதான் பூச்சி. காலையில் மகரந்தத்தை எடுத்துச் சூல்தண்டின் முனையில் தொட்டு வையுங்கள். உங்கள் வயல் முழுக்க ஒரே தாய்க்கிழங்கின் வழியாக இருக்கலாம், அதனாலும் காய் குறைந்திருக்கலாம் என்பது என் சந்தேகம். நாலு வரிசைக்கு வேலிக் கொடியின் மகரந்தம், நாலு வரிசைக்கு வயலின் மகரந்தம் வைத்து, காம்பில் நூல் கட்டி அடையாளம் செய்து காயை எண்ணிப் பாருங்கள். வேலியைத் தோண்டிவிட்டால் இந்த வசதியும் போய்விடும். கோடியக்கரை சரணாலயத்துக்குள் தோண்டுவதோ குற்றம்.

மாணவர்களிடம் முடிவைக் கேட்டு வாங்கி, ஊரின் செடிகொடி, உயிரினங்களைக் குறித்து வைக்கும் ஊராட்சியின் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். பூவைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கழித்த கிழங்கை ஆடு மேயும் இடத்தில் போடாதீர்கள். செடி முழுக்க நஞ்சு.