சனாதிப் சோங்க்ராசின் ஏன் இவ்வளவு பேசப்படுகிறார்?

உயரம் 158 செ.மீ. தான் இருக்கும்போது தாய்லாந்தின் சனாதிப் எப்படிப் பெரிய கால்பந்து நடுக்கள வீரரானார் என்று கேட்டிருக்கிறீர்கள். தென்கிழக்கு ஆசிய நாடுகள் மோதும் ஆசியான் கோப்பையின் 2014 இறுதிப்போட்டியைப் பாருங்கள், புரியும். அது இரண்டு ஆட்டம், மொத்த கோல்களை வைத்துத்தான் கோப்பை. முதல் ஆட்டத்தில் தாய்லாந்து 2-0 வெற்றி. அப்புறம் கோலாலம்பூரில் மலேசியா மூன்று கோல் போட்டுவிட்டது. கோப்பை கிட்டத்தட்ட கைநழுவிய நிலை. 82-வது நிமிடத்தில் சக வீரர் சாப்புயி ஒரு கோல் திருப்பினார், 87-ல் சனாதிப் பெனால்டி பாக்ஸுக்கு வெளியிலிருந்து ஓங்கி அடித்து இன்னொரு கோல் போட்டார். கோப்பை தாய்லாந்துக்கு. தொடரின் சிறந்த வீரரும் அவரே. 2016, 2020 தொடர்களிலும் அதே விருது!

பிஇசி டெரோ, முவாங்தோங் கிளப்புகளுக்குப் பிறகு, 2017-ல் ஜப்பானின் சப்போரோ கிளப். என்னைக் கேட்டால் அவருடைய உச்சம் அங்கேதான். 2018-ல் எட்டு கோல், ஜப்பானின் முதன்மை லீக்கான ஜே லீக்கின் சிறந்த பதினொருவரில் இடம். 2022-ல் இன்னொரு ஜப்பானிய கிளப்பான கவாசாகிக்குப் போனார், வாய்ப்பு குறைந்தது. 2023-ல் பாத்தும் யுனைடெட்டுக்காகத் தாயகம் திரும்பினார்.