அமெரிக்க மாணவர் விசா: ஐ-20 முதல் ஓபிடி வரை உங்கள் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பல, “செய்துவிட்டேன், இப்போது என்ன செய்வது?” என்ற வகையைச் சேர்ந்தவை. அமெரிக்காவில் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படிப்பவர்களுக்கு வேண்டிய அனுமதிகள் பெரும்பாலும் முன்கூட்டியே வாங்க வேண்டியவை. காரியம் முடிந்த பிறகு போய் நின்றால், உதவ மனமுள்ள அதிகாரியாலும் ஒன்றும் செய்ய முடியாமல் போகலாம். அதனால்தான் கீழே பல பதில்களில் டிஎஸ்ஓ என்ற சொல் வருகிறது. வெளிநாட்டு மாணவர்களின் விவரங்களை அரசின் செவிஸ் கணினித் தொகுப்பில் பதிவு செய்ய ஒவ்வொரு கல்லூரியிலும் நியமிக்கப்பட்டிருக்கும் அதிகாரி அவர்.

மகளுக்கு மூன்று பல்கலைக்கழகங்களிலிருந்து ஐ-20 வந்திருக்கிறது. மூன்றுக்கும் செவிஸ் கட்டணம் கட்ட வேண்டுமா? – ஒரு தந்தை, திருச்சி

வேண்டாம். எங்கே சேர்வது என்று முதலில் முடிவு செய்யுங்கள். அந்தக் கல்லூரி அனுப்பிய ஐ-20யில் (சேர்க்கையை உறுதிசெய்து கல்லூரி தரும் படிவம் அது) ‘என்’ என்ற எழுத்தில் தொடங்கும் செவிஸ் எண் இருக்கும். அந்த ஒரு எண்ணுக்கு மட்டும் செவிஸ் கட்டணம் (ஐ-901 கட்டணம் என்பதும் இதுதான்) 350 டாலர் கட்டினால் போதும். விசா விண்ணப்பக் கட்டணமான 185 டாலர் தனி. பின்னால் மனம் மாறினாலும், அதே வகை விசாவாக இருந்தால் கட்டிய 350 டாலரைப் புதிய செவிஸ் எண்ணுக்கு மாற்றிக்கொள்ள வழி உண்டு.

ஆனால் விசா கைக்கு வந்த பிறகு மனம் மாறினால் சிக்கல். முதல் முறை அமெரிக்காவுக்குள் நுழையும்போது, விசாவில் அச்சிட்டிருக்கும் கல்லூரியில் சேரத்தான் போக வேண்டும். ஆகவே குடும்பத்தில் பேச வேண்டியதையெல்லாம் நேர்காணலுக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

இன்னொன்று. நம் பிள்ளைகள் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலியாக இருக்கும். அப்படிப்பட்ட ஒற்றைப் பெயரை அமெரிக்க விசாவில் குடும்பப்பெயர் இடத்தில் போட்டு, முதல்பெயர் இடத்தில் ‘எஃப்என்யூ’ (‘முதல்பெயர் தெரியவில்லை’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சிடுவார்கள். பதற வேண்டாம், அது அவர்கள் வழக்கம். ஐ-20யில் பெயரும் பிறந்த தேதியும் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகின்றனவா என்று மட்டும் இப்போதே பாருங்கள். பிழை இருந்தால் கல்லூரிக்கு எழுதித் திருத்திய பிரதியை வாங்கிவிட்டு நேர்காணலுக்குப் போங்கள். விமான டிக்கெட் போடும்போது ஒரு கணக்கு: ஐ-20யில் உள்ள தொடக்கத் தேதிக்கு 30 நாட்களுக்கு மேல் முன்னதாக உள்ளே விடமாட்டார்கள்.

‘இந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் முதல் நாளே சிபிடி கிடைக்கும், வகுப்புக்கே போக வேண்டாம், அரசுப் பட்டியலிலும் இருக்கிறது’ என்கிறார் ஒரு ஏஜென்ட். நம்பலாமா? – டெக்சாஸில் ஒரு மாணவர்

நம்பாதீர்கள். ‘வகுப்புக்கே போக வேண்டாம்’ என்ற அந்த ஒரு வாக்கியம் போதும்.

சிபிடி என்பது பாடத்திட்டத்தின் ஓர் அங்கமாகச் செய்யும் வேலைப் பயிற்சி. பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு முடித்த பிறகே கிடைக்கும். முதுநிலைப் படிப்பே உடனடிப் பயிற்சியைக் கட்டாயமாக்கியிருந்தால் அதற்கு விலக்கு உண்டு. ஆகவே முதல் நாள் சிபிடி என்பதே சட்டவிரோதம் என்று சொல்ல முடியாது. படிப்பு உண்மையாக நடக்கிறதா என்பதுதான் கேள்வி. நடக்காத இடத்தில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேதனையான உதாரணங்கள் இருக்கின்றன.

கலிஃபோர்னியாவின் பிளசன்டனில் இயங்கிய ட்ரை-வேலி பல்கலைக்கழகத்தை 2011-ல் அதிகாரிகள் சோதனையிட்டு மூடினார்கள். அங்கே பதிவு செய்திருந்தவர்களில் பெரும்பாலோர் இந்திய மாணவர்கள். சிலருடைய கணுக்காலில் கண்காணிப்புக் கருவி மாட்டப்பட்டது. நிறுவனருக்கு 2014-ல் 16 ஆண்டுகளுக்கு மேல் சிறைத்தண்டனை கிடைத்தது. ஆனால் கட்டணம் கட்டிய பிள்ளைகளின் ஆண்டுகள் திரும்பி வரவில்லை.

அடுத்தது 2019-ல் வெளியே வந்த ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம், மிச்சிகன் மாநிலம். அதை நடத்தியதே அரசின் குடிவரவு அமலாக்க அமைப்பான ஐசிஇ. ஏஜென்டுகளையும், வகுப்பில்லாத இடம் என்று தெரிந்தே சேருகிறவர்களையும் பிடிக்க வைத்த பொறி அது. ஆசிரியர்கள் கிடையாது, வகுப்புகள் கிடையாது. ஆனால் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்க அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளின் அரசுப் பட்டியலில் அதன் பெயர் இருந்தது! நூற்றுக்கணக்கானோர் சேர்ந்தார்கள், பலர் கைதாகி நாடு திரும்பினார்கள். மாணவர்களை இப்படிப் பிடித்தது நியாயமா என்று அங்கேயே கடுமையாக விவாதித்தார்கள். எனக்கும் அதில் உடன்பாடு இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளின் பதிவில் விழுந்த கறையை விவாதம் துடைக்கவில்லை.

ஆகவே பட்டியலில் பெயர் கட்டாயம் இருக்க வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. இந்த செமஸ்டரின் வகுப்பு அட்டவணையைக் கேளுங்கள். பாடம் நடத்துபவர்கள் யார் என்று பாருங்கள். அங்கே படித்து முடித்த ஒருவரிடமாவது பேசுங்கள். அப்புறம், முழுநேர சிபிடி 12 மாதங்களைத் தொட்டால் அதே நிலைப் படிப்புக்கான ஓபிடி, அதாவது படித்த துறையில் வேலை பார்க்கத் தரும் அனுமதி, கிடைக்காது. ஏஜென்டுகள் இதைச் சொல்லமாட்டார்கள்.

உடல்நிலையும் மனநிலையும் சரியில்லை. இரண்டு பாடங்களை விட்டுவிட நினைக்கிறேன். விசாவுக்கு ஆபத்தா? – ஒரு மாணவி, ஒஹாயோ

அனுமதி வாங்காமல் விட்டால் ஆபத்து. வாங்கிக்கொண்டு விட்டால் ஒன்றும் ஆகாது. இளநிலை மாணவர்கள் பொதுவாக செமஸ்டருக்கு 12 கிரெடிட் எடுக்க வேண்டும். முழு ஆன்லைன் பாடம் அதில் ஒன்றுதான், 3 கிரெடிட் வரைதான் சேரும். ஆனால் நோய் என்றால், மருத்துவர் அல்லது உரிமம் பெற்ற உளவியலாளர் தரும் கடிதத்தின் பேரில் டிஎஸ்ஓ பாடச் சுமையைக் குறைக்கலாம். தேவையென்றால் ஒரு பாடமும் இல்லாமல்கூட இருக்கலாம். ஒரு நிலைப் படிப்பில் மொத்தம் 12 மாதங்கள் வரை இதற்கு இடம் உண்டு. மனநலமும் உடல்நலத்தைப் போலவே கணக்கில் வரும், கூச்சப்படாதீர்கள். செவிஸில் டிஎஸ்ஓ பதிந்த பிறகே பாடத்தை விடுங்கள். இந்த வரிசை மாறக்கூடாது.

இதைப் படித்ததும் வீட்டில் ஒருவரிடமாவது உங்கள் நிலைமையைச் சொல்லுங்கள். செமஸ்டர் போனால் அடுத்த செமஸ்டர் வரும்.

கையில் பணம் குறைந்துவிட்டது. தெரிந்தவர் கடையில் வாரக் கடைசியில் நின்றால் ரொக்கமாகத் தருகிறேன் என்கிறார். – நியூ ஜெர்சி

போகாதீர்கள். ஸ்டேட்டஸை, அதாவது மாணவராகச் சட்டப்படி தங்கும் தகுதியை, இழந்தவர்கள் மீண்டும் பெற ஐ-539 படிவத்தில் விண்ணப்பிக்கலாம். ஆனால் அனுமதியில்லாமல் வேலை செய்தவர்களுக்கு அந்தக் கதவு மூடிவிடும். அதனால்தான் மற்ற பல தவறுகளைவிட இது மோசமானது.

சட்டப்படி இரண்டு வழிகள் இருக்கின்றன. வளாகத்துக்குள், நூலகத்திலோ உணவகத்திலோ, வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். விடுமுறையில் முழுநேரமும் பார்க்கலாம். இரண்டாவது வழி பலருக்குத் தெரிவதில்லை. ஒரு கல்வியாண்டை முடித்தவர், எதிர்பாராத கடும் பணநெருக்கடி வந்தால் (பணம் அனுப்பும் அப்பாவின் வேலை போய்விட்டது, பெரிய மருத்துவச் செலவு வந்துவிட்டது என்பது போல) டிஎஸ்ஓ பரிந்துரையோடு ஐ-765 படிவத்தில் விண்ணப்பித்து, வளாகத்துக்கு வெளியே வேலை செய்ய அனுமதி வாங்கலாம். வேலை அனுமதி அட்டை கைக்கு வந்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

விசா அடுத்த மாதம் காலாவதியாகிறது, படிப்பு முடிய ஒரு வருடம் இருக்கிறது. கிளம்ப வேண்டுமா?

வேண்டாம். விசா நாட்டுக்குள் நுழைவதற்கு. உள்ளே தங்குவதை முடிவு செய்வது ஐ-94 என்ற நுழைவுப் பதிவும், செல்லுபடியாகும் ஐ-20யும், ஒழுங்கான படிப்பும். ஊருக்கு வந்தால் மட்டும் புது விசா வாங்கித்தான் திரும்ப முடியும். பக்கத்து நாட்டில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள்; சொந்த நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் நேர்காணலுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று 2025 செப்டம்பரில் அறிவித்துவிட்டார்கள்.

சிறிய கணினிப் பயிற்சி நிறுவனம் நடத்துகிறோம். வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்க என்ன தேவை? – ஒரு நிர்வாகி, ஜார்ஜியா மாநிலம்

அதற்கு அங்கீகாரம் கேட்டு அரசிடம் போடும் ஐ-17 மனு. கட்டணம் 3,000 டாலர், அதோடு ஒவ்வொரு வளாகத்துக்கும் நேரடி ஆய்வுக் கட்டணம் 655 டாலர். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மறுசான்று, 1,250 டாலர். தொழிற்பயிற்சி என்றால் உங்கள் மாணவர்கள் எம்-1 விசா வகையில் வருவார்கள், எஃப்-1 அல்ல. டிஎஸ்ஓவாக நியமிக்கப்படுபவர் அமெரிக்கக் குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இருக்க வேண்டும்.

பணத்தைவிட யோசிக்க வேண்டியது ஆள் பலத்தை. வீடு மாறும் மாணவர் 10 நாட்களுக்குள் உங்களிடம் சொல்ல வேண்டும். நீங்கள் 21 நாட்களுக்குள் செவிஸில் ஏற்ற வேண்டும். தொடக்கத் தேதியிலிருந்து 30 நாட்களுக்குள் புதிய மாணவரின் பதிவை முடிக்க வேண்டும். நீங்கள் மறந்தால் ஸ்டேட்டஸ் போவது மாணவருக்கு. இந்த வேலைக்கென்றே பொறுப்பான ஒருவரும், அவர் விடுப்பில் போனால் பார்க்க இன்னொருவரும் இல்லாமல் மனுப் போடாதீர்கள்.

ஓபிடிக்கு எப்போது விண்ணப்பிப்பது?

படிப்பு முடியும் தேதிக்கு 90 நாட்கள் முன்பிலிருந்து, முடிந்த 60 நாட்கள் வரை. பலர் தடுக்கி விழுவது வேறிடத்தில்: டிஎஸ்ஓ பரிந்துரையை செவிஸில் ஏற்றிய 30 நாட்களுக்குள் விண்ணப்பம் குடிவரவுத் துறைக்குப் போய்ச் சேர வேண்டும். முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். ஓபிடி தொடங்கியதும் வேலையில்லாமல் இருக்க மொத்தம் 90 நாட்கள்தான். வேலை கிடைத்த அன்றே விவரத்தைப் பதியுங்கள், இல்லையென்றால் அந்தக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.