6 வயதாகியும் மகன் இரவில் படுக்கையை நனைக்கிறான், என்ன செய்யலாம்?

இந்த வயதில் இது பெரும்பாலும் நோயல்ல. சிறுநீர்ப்பை நிரம்பியும் மூளை விழிப்பதில்லை. இரவில் சிறுநீரைக் குறைக்கும் வாசோபிரெசின் ஹார்மோனும் சில பிள்ளைகளுக்குப் போதுமான அளவு சுரக்காது. பெற்றோருக்குச் சிறுவயதில் இருந்திருந்தால் வாய்ப்பு அதிகம் (பாட்டியிடம் கேளுங்கள், உண்மை வெளிவரும்!). திட்டாதீர்கள், தூக்கத்தில் யாரும் வேண்டுமென்றே செய்வதில்லை.

பலர் கவனிக்காதது மலச்சிக்கல். நிரம்பிய மலக்குடல் சிறுநீர்ப்பையை அழுத்தும். அதைச் சரிசெய்தாலே சிலருக்கு நின்றுவிடும். தண்ணீரைப் பகலில் தாராளமாகக் கொடுங்கள், படுப்பதற்கு 1 மணி நேரம் முன்பு குறையுங்கள். ஈரம் பட்டதும் ஒலிக்கும் அலாரமும் உதவும். பலன் தெரிய 2, 3 மாதம் ஆகலாம்.

6 மாதம் நனைக்காமல் இருந்தவன் திடீரென மீண்டும் தொடங்கினாலோ, அதிக தாகமோ சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலோ இருந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். நீரிழிவோ சிறுநீர்த் தொற்றோ காரணமாக இருக்கலாம்.