கத்தரிச்செடியில் கொம்பு வைத்த புழு

கேள்வி: ஐயா, பூங்காவில் ஒரு பாத்தி வாடகைக்கு எடுத்து ஆறு கத்தரிச்செடி வைத்திருக்கிறேன். இரண்டே ராத்திரியில் ஒரு செடி மொட்டையாகிவிட்டது. நேற்றுச் சாயங்காலம் தண்ணீர் ஊற்றும்போது தண்டில் விரல் நீளத்துக்கு மேல் மஞ்சள் புழு ஒன்றைப் பார்த்தேன். உடம்பில் ஊதாக் கோடுகள், பின்னால் கொம்பு. குச்சியால் தொட்டால் 'டிக் டிக்' என்று சத்தம் போடுகிறது! பக்கத்துப் பாத்தி அங்கிள், கொம்பில் விஷம், எல்லாச் செடிக்கும் மருந்தடி என்கிறார். என்ன செய்வது?

பதில்: மருந்தை எடுக்காதீர்கள் அம்மா. அந்தக் கொம்பு கொட்டாது, அதில் விஷமும் இல்லை. சத்தம் வாயிலிருந்து வருகிறது. தாடையை அடித்துக்கொண்டு மிரட்டிப் பார்க்கிறது, அவ்வளவுதான். விரலை வாயருகே நீட்டினால் கடிக்கப் பார்க்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் இது மண்டையோட்டு அந்துப்பூச்சியின் புழு. ஊரில் எள் விதைத்தவர்களுக்கு இந்த இனம் பழக்கம். சிங்கப்பூரில் அடிக்கடி கண்ணில் படாது. வளர்ந்த பூச்சியின் முதுகில் மண்டையோடு வரைந்ததுபோல் இருக்கும், இறக்கையை விரித்தால் 10 செ.மீ.க்கு மேல். ராத்திரியில் தேன்கூட்டுக்குள் நுழைந்து தேன் திருடுகிற ஆசாமி. பிடித்தால் கீச்சென்று கத்தும். ஒருமுறை எங்கள் புளோக் கீழ்த்தளத்தில் விளக்கடியில் அந்தச் சத்தம் கேட்டு, எலிதான் மாட்டிக்கொண்டது என்று நான் குனிந்து தேடியிருக்கிறேன்.

சரி, செடிக்கு வருவோம். இந்தப் பூச்சி கூட்டமாக முட்டையிடாது, இலைக்கடியில் ஒவ்வொன்றாக வைக்கும். அதனால் உங்கள் பாத்தியில் இன்னும் ஒன்றோ இரண்டோ இருக்கலாம். இலையோடு இலையாக ஒட்டியிருக்கும் புழுவைத் தேடாதீர்கள், எச்சத்தைத் தேடுங்கள். மிளகு அளவில், நீளவாக்கில் வரி விழுந்த கறுப்பு உருண்டைகள் மண்ணில் கிடக்கும். அதற்கு நேர் மேலே அண்ணாந்து பாருங்கள், ஆள் அங்கேதான் இருப்பார். பூங்காக் கழகத்தின் வாடகைப் பாத்தி இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். ஐந்து நிமிட வேலை. காலையில் ஒருமுறை, விளக்கு வைக்கும் நேரத்தில் டார்ச்சோடு ஒருமுறை, ஒரு வாரத்துக்குப் பாருங்கள்.

இவ்வளவு பெரிய புழுவுக்கு பிடி (Bt) என்ற பாக்டீரியா மருந்தோ வேப்பெண்ணெயோ பெரிதாக வேலை செய்யாது. அவையெல்லாம் குஞ்சுப் புழுவுக்குத்தான். கடையில் விற்கும் கடும் மருந்தை அடித்தால் முட்டையை அழிக்கும் சின்னக் குளவிகளும் சேர்ந்து சாகும். காயையும் சில நாள் பறிக்க முடியாது.

கொல்ல மனமில்லையா? தண்டோடு வெட்டி ஒரு வாளியில் போடுங்கள், அடியில் ஒரு சாண் ஈர மண். மற்ற கத்தரிச்செடியிலிருந்து ஒடித்து இலை போடுங்கள், வேறு இலையைத் தொட மறுக்கலாம். நிறம் மங்கிப் பழுப்பாகி அங்குமிங்கும் ஓட ஆரம்பித்தால் கூட்டுப்புழுவாகப் போகிறது என்று அர்த்தம். தானே மண்ணுக்குள் இறங்கிவிடும்.

மொட்டையான செடியைப் பிடுங்க வேண்டாம். தண்டு பச்சையாக இருந்தால் தளிர்க்கும். கொஞ்சம் மக்கு உரம் போடுங்கள், தண்ணீரைக் குறையுங்கள், இலையில்லாத செடி அதிகம் குடிக்காது. நான் கவலைப்படுவது வேறு ஒன்றுக்கு: நுனிக்குருத்து மட்டும் வாடித் தொங்கினால் அது தண்டையும் காயையும் துளைத்து உள்ளே போகும் வேறொரு புழு, தண்டு-காய்த்துளைப்பான். உடனே அந்த நுனியை வெட்டி, பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள்.

அப்புறம், அந்த அங்கிளைத் தன் தக்காளிக்கு அடியிலும் ஒருமுறை குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். தக்காளியையும் இது விடாது.